யூத ஓவியரும் ஆலயச் சாளரமும்

ரைன் நதிக்கரையிலுள்ள மைன்ஸ் நகரின் புனித முடியப்பர் ஆலயம் இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் சிதைந்து, பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. 1973ஆம் ஆண்டில் அதன் பங்குத்தந்தை கிளவுஸ் மையர், பிரான்சில் வாழ்ந்துவந்த மார்க் சாகால் என்னும் முதிய ஓவியருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆலயச் சாளரங்களுக்கு வண்ணக் கண்ணாடி ஓவியங்கள் வரைந்து தரவேண்டும் என்பதே அவரது விண்ணப்பம். சாகால் யூதர். கேட்டவரோ ஜெர்மானியர், அதிலும் கத்தோலிக்கக் குரு. அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டு முப்பது ஆண்டுகள்கூட நிறைவுறாத காலம். என்ன துணிவில் அவர் கேட்டார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

சாகாலின் வாழ்வையே திரும்பிப் பார்த்தால், தம் மக்களின் மறையையும் வாழ்வையும் வரைய விரும்பிய ஒரு கலைஞருக்கு வாய்ப்பு எங்கெங்கிருந்து வந்தது என்பது தெரியும். 1887இல் வைட்டப்ஸ்க் நகரில் பிறந்த அவர் ஓவியம் கற்கச் சென்ற பீட்டர்ஸ்பர்க்கில், யூதர் குடியிருக்கவே அரசின் அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது. முதலில் கைகொடுத்தவர் அவர் இனத்தவரே. வினாவர் என்னும் யூத வழக்கறிஞர் தந்த உதவித்தொகையில்தான் அவர் பாரிஸ் சென்றார். புரட்சிக்குப் பின், 1920இல், மாஸ்கோவின் இத்திஷ் மொழி நாடக அரங்கின் சுவர்கள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. திருமண இசைஞரும் மறைநூல் எழுதுவோரும் கோமாளிகளும் அச்சுவர்களில் இடம்பெற்றனர். ஆனால் வாய்ப்பைத் தந்த அரசே பின்னர் அதைப் பறித்துக்கொண்டது. அந்த அரங்கின் பெரும் நடிகர் மிகோயல்ஸ் 1948இல் ஸ்டாலினின் ஆணையால் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு அரங்கும் மூடப்பட்டது.

பாரிஸ் நகரின் கலை வணிகர் வொலார் வேறு வகையினர். அவர் விவிலியத்திற்குச் செதுக்கோவியங்கள் கேட்டார், கேட்டபின் தலையிடவில்லை. சாகால் 1931இல் பாலஸ்தீன நாட்டைக் கண்டுவந்து பணியைத் தொடங்கினார். 1939இல் வொலார் இறக்க, போரும் குறுக்கிட, 105 ஓவியங்களுடன் அந்நூல் வெளிவந்தது 1956இல்தான். நல்ல புரவலர் என்பவர் பொறுமைசாலியாகவும் இருக்கவேண்டும் போலும்.

யாரும் கேளாமலே சாகால் வரைந்த ஓவியம் ஒன்றும் உண்டு. 1938இல் தீட்டிய ‘வெண்ணிறச் சிலுவையறைதல்’ அது. அதில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் இடையைச் சுற்றியிருப்பது யூதர் செபிக்கும்போது போர்த்தும் ஆடை. பக்கத்தில் தொழுகைக்கூடம் எரிகிறது, மக்கள் ஓடுகின்றனர். நம் ஆண்டவர் யூதராகப் பிறந்தார் என்று குருமடத்தில் நாம் படித்திருக்கிறோம்; தேர்வும் எழுதியிருக்கிறோம். ஆனால் அந்த ஓவியத்தின் படியைக் கண்ட நாளில்தான் அது நம் நெஞ்சில் தைத்தது.

திருச்சபையின் அழைப்பு தாமதமாகவே வந்தது. பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையிலுள்ள அஸ்ஸி ஆலயத்திற்குத் தொமினிக்கன் சபைக் குரு கூத்தூரியே கலைஞரைத் தேடியபோது, அவர்களின் மதத்தைப் பார்க்கவில்லை, திறமையைப் பார்த்தார். சிற்பி லிப்சிட்ஸ் அங்கு அன்னை மரியாவின் சுரூபம் செய்தபோது, தாம் முன்னோரின் மறைக்கு உண்மையாயிருக்கும் யூதர் என்பதை அதிலேயே பொறித்தார். சாகால் அங்குப் படைத்தது செங்கடலைக் கடக்கும் காட்சி. எல்லாச் சமயங்களின் சுதந்திரத்தின் பெயரால் என்று அதில் எழுதினார். இருவரையும் எவரும் தடுக்கவில்லை. நம் பங்குகளில் சுரூபம் செய்பவரிடம் அளவையும் நிறத்தையும் விலையையும் நாமே சொல்லி, மறுப்புக்கு இடமின்றி வாங்கிவருகிறோமே, அதை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இனி மைன்ஸ். அந்நகருக்கு நெடிய நினைவு உண்டு. பேரறிஞர் ரபி கெர்ஷோம் கற்பித்த இடம் அது. 1096இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கும்பல்கள் யூதக் குடும்பங்களைக் கொன்றழித்த இடமும் அதுவே. பேராயரின் மாளிகையில் அடைக்கலம் புகுந்தோரும் தப்பவில்லை. மையர் இவ்வரலாற்றை அறியாதவரல்லர். அவருடைய தந்தை யூத வழியினர். நாசிச் சட்டப்படி அவரும் அரை யூதராகக் கணிக்கப்பட்டவர். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் சாவுக்கு யூதர் அனைவரையும் குற்றஞ்சாட்டலாகாது என அறிவித்தது. இலத்தீன் மொழியிலிருந்த அந்த அறிக்கையைச் சாளர வழியே கண்ணுக்குக் காட்ட அவர் விழைந்தார் எனலாம்.

சாகால் உடனே இசையவில்லை. அதில் நாம் குறைகாண மாட்டோம். மையர் விடாமல் எழுதினார், நேரில் சென்றும் பேசினார். 1978இல் முதல் சாளரம் நிறுவப்பட்டபோது சாகாலுக்கு வயது 91. நீல ஒளியில் ஆபிரகாமும், யாக்கோபின் கனவும், சட்டப்பலகை தாங்கிய மோசேயும் அங்கு நிற்கின்றனர். நாம் பழைய ஏற்பாடு என்று குறிப்பதே அவருக்கு மறைநூல் முழுமையும். முதல் சாளரத்தில் அதையே அவர் வரைந்தார். வேறொன்றாக அவரை மாற்ற எவரும் முயலவில்லை. இத்தகைய அழைப்பால் பழைய பாவம் தீர்ந்துவிடாது. தீர்ந்தது என்று மையரும் கருதியிருக்கமாட்டார் என்றே நம்புகிறோம்.

1985இல் இறக்கும்வரை அவர் ஒன்பது சாளரங்களுக்கு வடிவம் தந்தார். மைன்ஸ் நகருக்கு மட்டும் அவர் ஒருமுறையும் வரவில்லை. ரெய்ம்ஸ் நகரில் அவருடைய சாளரங்களைக் கண்ணாடியில் உருவாக்கித் தந்த ஷார்ல் மார்க் எஞ்சியவற்றை முடித்தார். அதே நீலத்தைத் தொடர்ந்த மார்க், அவற்றில் மனித உருவம் எதையும் வரையவில்லை.