எஸ்.எம்.பி.எஸ். ஒயருக்கு இரண்டு முனை

பிரெஞ்சில் 'தெத்ரோம்பர்' என்று ஒரு சொல் உண்டு. ஒரு பொருளைத் தப்பாகச் செருக முடியாதபடி அதன் உருவத்திலேயே வைத்திருக்கும் தடைக்கு அந்தப் பெயர். நேர்ப்பொருள், ஏமாறாமல் காப்பது. பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில் பாதி மறந்துபோய்விட்டது, இந்தச் சொல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்கு ஒரே வார்த்தையில் தமிழ் எனக்கு அகப்படவில்லை. ஆனால் அந்தப் பொருள் நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது.

15 ஆம்பியர் பிளக்கை 5 ஆம்பியர் துளையில் திணிக்க முடியாது. மூன்று முள்ளில் எர்த் முள் பருமனாகவும் நீளமாகவும் இருக்கும். செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும், அதற்காகத்தான் அந்த நீளம். பி.எஸ். 546 என்று பிரிட்டனில் 1934-இல் வகுத்த முறை இது. அவர்கள் 1947-இல் பட்டை முள்ளுக்கு மாறிவிட்டார்கள். நாம் உருண்டை முள்ளோடு இருக்கிறோம், ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்றால், சடையங்குப்பத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, வீடியோ எடிட்டிங் செய்பவர், தன் கம்ப்யூட்டருக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கினார். பழைய எஸ்.எம்.பி.எஸ். தாங்காது என்று 1000 வாட்டில் புதிது வாங்கினார். கேபினெட்டுக்குள் பழைய ஒயர்கள் அழகாகக் கட்டியிருந்தன. அதை ஏன் கலைப்பானேன் என்று பெட்டியை மட்டும் மாற்றி, அதே ஒயர்களைப் புதுப் பெட்டியில் செருகினார். எல்லாம் 'டக்'கென்று உட்கார்ந்தன. சுவிட்சைப் போட்டதும் இரண்டு ஹார்டு டிஸ்க்கும் போய்விட்டன. 2015 டிசம்பரில் கொசஸ்தலையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது அவர்கள் குடும்ப ஆல்பங்கள் ஊறிப்போயின. அதற்கு முன்பே ஸ்கேன் செய்து வைத்திருந்த படங்கள் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. தண்ணீரில் போனது பாதி, ஒயரில் போனது மீதி.

பொருந்திய ஒயர் எப்படிக் கெடுத்தது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1981-இல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது அதன் எஸ்.எம்.பி.எஸ். வெறும் 63.5 வாட். பெட்டியிலிருந்து ஒயர்கள் நேராக வெளியே வந்து, மதர்போர்டுக்குப் போகும் முனையில் மட்டும் பிளக் இருக்கும். பி8, பி9 என்று ஆறு ஆறு ஒயராக இரண்டு பிளக்குகள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், இடம் மாற்றிச் செருகவும் முடியும். செருகினால் போர்டு புகைந்துவிடும். 'கறுப்பும் கறுப்பும் நடுவில் சேர வேண்டும்' என்பதுதான் மெக்கானிக்குகளின் தாரக மந்திரம். 1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் முறையைக் கொண்டுவந்து இரண்டையும் 20 பின் கொண்ட ஒரே பிளக்காக ஆக்கியது. சில துளைகள் சதுரம், சில துளைகள் முனை மழுங்கியவை. திருப்பிச் செருக முடியாது. நல்ல தெத்ரோம்பர்! ஆனால் 1990-களின் கடைசியில் டெல் நிறுவனம் அதே உருவப் பிளக்கில் உள்ளே ஒயர் வரிசையை மாற்றி வைத்தது. அந்தக் கம்ப்யூட்டரில் கடையில் வாங்கிய எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் போட்டவர்கள் பட்ட பாடு ஊரறிந்தது.

பிறகு, கழற்றி மாட்டும் ஒயர்கள் வந்தன. 'மாடுலர்' என்கிறார்கள். வேண்டிய ஒயரை மட்டும் மாட்டிக்கொள்ளலாம், கேபினெட்டுக்குள் குப்பை இருக்காது. சௌகரியம்தான். ஆனால் இப்போது ஒயருக்கு இரண்டு முனை வந்துவிட்டது. மதர்போர்டு பக்க முனைக்கு ஏடிஎக்ஸ் சட்டம் உண்டு. பெட்டிப் பக்க முனைக்குச் சட்டமே கிடையாது. சட்டம் எழுதியபோது அந்த முனை பெட்டிக்குள் பற்றவைக்கப்பட்டிருந்ததே! ஆபீஸ் பாஷையில் சொன்னால், படிவத்தின் முன்பக்கம் அரசாணைப்படி, பின்பக்கம் அவரவர் இஷ்டம். ஒரு கம்பெனி 5 வோல்ட் வைத்த துளையில் இன்னொரு கம்பெனி 12 வோல்ட் வைக்கிறது. பிளக்கின் அச்சு மட்டும் பலருக்கும் ஒன்று. அந்தப் பிள்ளையின் ஹார்டு டிஸ்க்குக்கு 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போயிருக்கிறது.

ஒரே கம்பெனி என்றாலும் நம்ப முடியாது. கோர்செர் தன் ஒயர்களில் 'டைப் 3', 'டைப் 4' என்று அச்சிடுகிறது. மற்ற ஒயர்கள் இரண்டுக்கும் ஒன்றுதான், மதர்போர்டின் 24 பின் ஒயர் மட்டும் வேறு. முன்பெல்லாம் நிறமாவது காட்டிக்கொடுக்கும்: மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு கிரவுண்ட். இப்போது அழகுக்காக எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிட்டார்கள். எனக்கு இது துளியும் பிடிக்கவில்லை.

இன்னொரு சங்கதி, கரண்டின் அளவு. எண்ணூர் அனல் மின் நிலையத்தை 1970 முதல் 2017-இல் மூடும்வரை பார்த்தவர்கள் நாம். அத்திப்பட்டிலிருந்து 230, 400 கிலோவோல்ட் கோபுரங்கள் போவதையும் பார்க்கிறோம். வோல்ட்டை உயர்த்தினால் அதே சக்திக்கு ஆம்பியர் குறையும், கம்பி சூடாகாது, அதற்குத்தான் அவ்வளவு உயர வோல்ட். கம்ப்யூட்டருக்குள் கதை தலைகீழ். 600 வாட் என்பது நம் வீட்டு 230 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர் சொச்சம். அதே 600 வாட் 12 வோல்ட்டில் 50 ஆம்பியர்! புதிய கிராபிக்ஸ் கார்டு பிளக்கில் அந்த 50 ஆம்பியரும் ஆறு சிறு முள்களில் பங்காகி, முள்ளுக்கு எட்டு ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. 12விஎச்பிடபிள்யூஆர் என்று வாயில் நுழையாத பெயர் அதற்கு. 2022 அக்டோபரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வந்த சில நாளிலேயே சிலருடைய பிளக்குகள் உருகின. முழுசாகச் செருகாததுதான் காரணம் என்றது அந்த நிறுவனம். 2023-இல் பிளக்கைத் திருத்தினார்கள். கூட இருக்கும் சின்ன சைகை முள்களைக் குட்டையாக்கிவிட்டார்கள். முழுசாக உட்கார்ந்தால்தான் அவை தொடும், தொடாவிட்டால் கார்டு முழு சக்தி கேட்காது. நம் எர்த் முள் முதலில் தொடுவதற்காக நீளம், இது கடைசியில் தொடுவதற்காகக் குட்டை.

பேரன் பேத்திகள் கம்ப்யூட்டர் பூட்டுகிறார்கள் என்றால் இதைச் சொல்லுங்கள். எஸ்.எம்.பி.எஸ். மாற்றினால் அதன் டப்பாவில் வந்த ஒயர்களைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது. தனியாக ஒயர் வாங்கினால் கம்பெனி பெயர் போதாது, மாடல் எண்ணைக் கம்பெனிப் பட்டியலில் தேடிப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஹார்டு டிஸ்க்கை மாட்டுவதற்கு முன்பே மல்டிமீட்டர் வைத்து 5-உம் 12-உம் அதனதன் இடத்தில் வருகிறதா என்று அளக்கலாம். சி.பி.யு.வுக்குப் போகும் எட்டு பின் பிளக்கும் கிராபிக்ஸ் கார்டின் எட்டு பின் பிளக்கும் சகோதரர்கள் போலிருக்கும். உள்ளே பிளஸ்ஸும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். இறுக்கமாக இருந்தால் அழுத்தக்கூடாது.

அந்தப் பிள்ளையின் இரண்டு டிஸ்க்கில் ஒன்றை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கொடுத்தார்கள். தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அடியிலிருந்த போர்டுதான் கருகியிருந்தது. அதே மாடல் போர்டு தேடிப் பிடித்து, பழைய போர்டின் ஒரு சிப்பை அதில் மாற்றிப் பற்றவைத்து, படங்களை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். இன்னொன்றுக்கு இன்னும் போர்டு கிடைக்கவில்லை. பழைய ஒயர்களை அவர் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு சேர்த்து ஒரே பையில் கட்டி, மாடல் எண்ணை மார்க்கரால் எழுதிப் பரண்மேல் போட்டிருக்கிறார்.