ஏழு கிணற்றுச் சூடு

அம்மப்பாவின் அந்தியேட்டிக்குத்தான் முதன்முதலில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனேன். எனக்குப் பத்து வயது. திருகோணமலைப் பட்டணத்திலிருந்து அநுராதபுர வீதியில் ஏறத்தாழ 8 கிலோமீற்றர். அருகருகே ஏழு சிறிய கிணறுகள், மூன்று நாலடி ஆழம். எட்டிப் பார்த்தால் அடி தெரியும்.

அம்மம்மா ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரிலும் கையை வைத்துப் பார்த்தார். பிறகு சூடு குறைந்த கிணற்றில் வாளியைப் போட்டார். "முதல்ல காலில ஊத்து பிள்ளை. தேகம் பழகட்டும்" என்றார். ஏழும் ஒரே சூடு இல்லை என்பதை அன்று என் தோலே எனக்குச் சொல்லிற்று.

தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் வாளால் ஏழு இடங்களில் குத்தினான், அங்கெல்லாம் வெந்நீர் பீறிட்டது என்பது எங்கள் ஊர்க் கதை. அந்தக் கதையின் வழியே இறந்தோருக்கான கிரியைகளுக்குச் சனம் அங்கே வந்தது. நோவுள்ளவர்களும் குளிக்க வந்தார்கள். புவிவெப்பம் என்ற சொல் எங்கள் பாடநூலுக்கு வருமுன்பே நிலத்தின் சூட்டைத் துக்கம் ஆற்றவும் உடம்பு தேற்றவும் பயன்படுத்திய ஊர் இது.

இலங்கையில் எரிமலை இல்லை. பாறைகளில் பெரும்பாலானவையோ 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. அப்படியானால் சூடு எங்கிருந்து வருகிறது? மழைநீர் பாறைப் பிளவுகளுக்குள் இறங்குகிறது. ஆழம் ஒரு கிலோமீற்றர் கூடினால் வெப்பம் சுமார் 25 முதல் 30 பாகை செல்சியஸ் ஏறும். அங்கே சூடேறிய நீர், வெடிப்பொன்றில் வழி கிடைத்தால், ஆறுமுன் மேலே வந்துவிடுகிறது. கன்னியாவில் அது 40 பாகையை ஒட்டி நிற்கும். அம்பாறை மாவட்டத்து மகா ஓயாவில் 50ஐத் தாண்டும். தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கம் மகாபெலெஸ்ஸவிலும் வெந்நீர் ஊறுகிறது.

இந்தச் சூட்டில் நேரடியாக மின்சாரம் எடுக்க இயலாது. அலாஸ்காவின் சேனாவில் 2006 முதல் 74 பாகை நீரைக்கொண்டு மின்சாரம் எடுக்கிறார்கள்தான். ஆனால் அங்கே குளிராற்றும் தண்ணீரும் கடுங்குளிராக இருப்பதால் அது கைகூடுகிறது. எங்களுக்கு நான் ஆசைப்படுவது வேறொன்று. ஐப்பசி, கார்த்திகை மாரியில் எங்கள் கரையோரத்தில் கருவாடு காயாது. ஈரம் பிடித்துப் புழுத்துப்போகும். ஆழத்துளையில் இன்னும் சூடான நீர் கிடைத்தால், அதைக் குழாய்களில் ஓடவிட்டுக் காற்றைச் சூடாக்கி, கருவாட்டையும் நெல்லையும் மழைநாளில் உலர்த்தலாம். விறகு மிஞ்சும்.

ஆனால் அந்தத் துளை இந்தக் கிணறுகளுக்குப் பக்கத்தில் வேண்டாம். நியூசிலாந்தின் வைராக்கேயில் 1958இல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. நிலத்தடி நீரை இறைக்க இறைக்க அழுத்தம் குறைந்து, அயலிலிருந்த பள்ளத்தாக்கின் வெந்நீர் பீச்சும் ஊற்றுகள் அடங்கிப்போயின. மூன்றடி ஆழக் கிணறு அடங்க எவ்வளவு நேரம் ஆகும்?

அதனால் எவரும் துளைக்கருவியோடு வருமுன், ஏழு கிணறுகளின் சூட்டையும் நீர்மட்டத்தையும் மாதந்தோறும் அளந்து எழுதிவைக்க வேண்டும். கோடையிலும் மாரியிலும், பல ஆண்டுகளுக்கு. எது மாறினாலும் அந்த ஏடு காட்டிக்கொடுக்கும். அம்மம்மா வாளியைப் போடுமுன் செய்ததும் அதுதான்: முதலில் ஏழிலும் கை வைத்துப் பார்த்தார்.