கள் (கிள்ளான் பள்ளத்தாக்கு)

கள் என்பது தென்னை, பனை முதலிய மரங்களின் பாளையைச் சீவி, அதில் வடியும் சாற்றைத் தானாக நொதிக்க விட்டுப் பெறும் மதுபானம். மலேசியத் தமிழர்கள் கள்ளு என்று சொல்வது பெரும்பாலும் தென்னங்கள்ளைத்தான். கோலாலம்பூர் முதல் கிள்ளான், காப்பார் வரையிலும், தெற்கே பந்திங், கேரித் தீவு வரையிலும் விரிந்த சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் இந்தப் பானம் பல தலைமுறைகளின் வாழ்க்கையோடு பிணைந்து கிடந்தது. கூலி, கடன், குடும்பச் சண்டை, திருவிழா, வேலைநிறுத்தம் என்று அந்த மக்களின் வரலாற்றில் எதை எடுத்தாலும் கள்ளுக்கடை குறுக்கே வரும். அதனால் இதை ஒரு குடிவகை என்ற அளவில் மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது.

பாளை சீவுதல்

தென்னையில் இன்னும் வெடிக்காத பாளையைத்தான் கள்ளுக்குத் தேர்வார்கள். அதைக் கயிற்றால் இறுகச் சுற்றிக் கட்டி, கட்டையால் மெல்லத் தட்டித் தட்டிப் பதப்படுத்துவார்கள். ஓங்கி அடித்தால் உள்ளே இருக்கும் பூங்கதிர் நசுங்கிப் பாளை வீணாகும். தட்டு போதாவிட்டால் சாறு இறங்காது. நாள்தோறும் தட்டிவந்த பாளையை மெதுவாகக் கீழ்நோக்கி வளைத்து, நுனியைச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டுவார்கள். அதன்பிறகு காலையும் மாலையும் மரமேறி, நுனியில் தாள் கனத்துக்கு ஒரு சீவல் எடுக்க வேண்டும். வெட்டுவாய் உலர்ந்து அடைபடாமல் இருக்க இந்தச் சீவல்தான் வழி. நல்ல மரம் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லிட்டர் தரும். சீவிய பாளையில் காய் பிடிக்காது என்பதால் கள்ளுக்கு விட்ட மரத்தில் தேங்காயை எதிர்பார்க்க முடியாது.

அரிவாளின் கூர்மைதான் இந்தத் தொழிலில் பாதி. மரத்தடியில் இருக்கும்போதே அதைத் தீட்டி, மயிரை மழிக்கும் அளவுக்குக் கூராக்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். முனை மழுங்கிய அரிவாள் பாளையின் நாரைப் பிய்க்கும். பிய்ந்த இடத்தில் சாறு நிற்கும். எந்தப் பாளையை எவ்வளவு தட்ட வேண்டும், எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் கற்றுத் தந்ததில்லை. தகப்பன் மரமேறும்போது மகன் கீழே நின்று பார்த்துக் கற்ற வித்தை இது. பிரான்சில் தலைமுறை தலைமுறையாக மது வடிக்கும் குடும்பங்களின் நுண்ணறிவுக்கு உலகம் தருகிற மரியாதையில் ஒரு பங்குகூட இந்த மரமேறிகளுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுடைய திறனை எழுதிவைக்கவும் அதிகம் பேர் முன்வரவில்லை. இது பெரிய இழப்பு.

நொதித்தல்

பாளையிலிருந்து சொட்டும் சாறு தெளிவாகவும் நல்ல இனிப்பாகவும் இருக்கும். அதில் நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு வரை சர்க்கரை உண்டு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்பட்டு அது பதநீராக நிற்கும். சுண்ணாம்பு இல்லாத கலயத்தில், முந்தைய நாள் கள் விட்டுச்சென்ற ஈஸ்ட்டும் காற்றிலிருந்து வந்து சேரும் நுண்ணுயிர்களும் சாறு சொட்டத் தொடங்கிய நிமிடத்திலேயே வேலையை ஆரம்பித்துவிடும். மரத்திலிருந்து கலயத்தை இறக்கும்போதே மேலே வெண்ணுரை கட்டியிருக்கும்; உள்ளே எறும்பும் தேனீயும் மிதக்கும். வடிகட்டி ஊற்றினால் பால்போல் வெளுத்த கள், நாக்கில் சுருசுருவென்று ஏறும். அந்தச் சுருசுருப்புக்குக் காரணம், நொதிக்கும்போது உண்டாகிற கரியமில வாயு.

ஷாம்பெயினில் எழும் குமிழியும் இதே வாயுதான். அதை உண்டாக்கும் முதன்மையான ஈஸ்ட்டும் இதே சாக்கரோமைசிஸ் செரிவிசியேதான். ஆனால் அங்கே ஒருமுறை நொதித்த திராட்சை மதுவைப் புட்டியில் அடைத்து, சிறிது சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைக்கிறார்கள். வெளியேற வழியில்லாத வாயு மதுவிலேயே கரைந்து, ஐந்தாறு வளிமண்டல அழுத்தத்துடன் அடைபட்டுக் கிடக்கிறது. இறந்த ஈஸ்ட்டின் வண்டலோடு நிலவறையில் கிடக்கக் கிடக்க மதுவுக்குப் புதிய மணம் ஏறுகிறது. ஒரே ஆண்டின் அறுவடையிலிருந்து செய்து, அந்த ஆண்டைப் புட்டியில் பொறித்து விற்கும் ஷாம்பெயின் குறைந்தது மூன்று ஆண்டு முதிர வேண்டும் என்பது அங்குள்ள விதி. குடும்பச் சொத்தாகவே நீடிக்கும் சில நிறுவனங்கள் அதையும் தாண்டிக் காத்திருக்கும். 1829இல் தொடங்கிய பொலஞ்சே நிறுவனம் 1952ஆம் ஆண்டு அறுவடையின் மதுவை நீண்ட காலம் வண்டலோடு வைத்திருந்து 1967இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கள்ளுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. திறந்த கலயத்தில் ஈஸ்ட்டோடு லாக்டிக் அமில பாக்டீரியாவும் அசிட்டிக் அமில பாக்டீரியாவும் சேர்ந்தே வளர்கின்றன. இறக்கிய சில மணி நேரத்தில் ஆல்கஹால் 4 விழுக்காட்டை எட்டும். பிறகு இன்னும் சற்று ஏறும். காலைக் கள் இனிப்பு மாறாமல் இருக்கும், மாலையில் புளிப்பு ஓங்கும். அடுத்த நாளைக்குள் அசிட்டிக் பாக்டீரியா காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு ஆல்கஹாலைக் காடியாக்கத் தொடங்கிவிடும். மூடி அடைத்தால் வாயு பெருகிப் புட்டி வெடிக்கும். சூடேற்றி நுண்ணுயிர்களைக் கொன்றால் பழைய சுவை இருக்காது. இலங்கையில் கள்ளைச் சூடேற்றிப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். மரத்தடியில் குடித்துப் பழகியவர் அதை வேறொரு பானமாகத்தான் கருதுவார்.

கெடாமல் வைத்திருக்க முடியாத இந்தத் தன்மையே கள்ளின் சமூக வரலாற்றையும் தீர்மானித்தது. மரம் இருக்கும் இடத்துக்கு அருகிலேயே, இறக்கிய அன்றைக்கே விற்றாக வேண்டிய பொருள் அது. ஆகவே மரமும் கடையும் யார் கையில் இருந்தனவோ, அவர்கள் கையில்தான் குடிப்பவனும் இருந்தான்.

முதிர்ந்த மதுவைத் தமிழர் அறியாதவர்கள் அல்லர். மூங்கில் குழாயில் ஊற்றி விளையவைத்த தேறலைச் சங்க இலக்கியம் பேசுகிறது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள குளிர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதைப் பாடுகிறார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்த மத்தியதரைக்கடல் மதுச்சாடிகளின் உடைசல்கள் அந்த வணிகத்துக்குச் சான்று. அந்தத் தேறல் அரசனின் பொற்கலத்துக்கு உரியது. கப்பலேறி மலாயா வந்த கூலிக்காரன் கண்டது அன்றாடக் கள் மட்டுமே.

தோட்டத்துக் கள்ளுக்கடை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிள்ளான் வட்டாரத்தில் காப்பியும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரும் பரவியபோது தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் திரள்திரளாக வந்தார்கள். முதலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். 1910இல் அந்த முறை ஒழிந்தபின் ஆள்சேர்க்கும் கங்காணிகள் மூலம் வந்தார்கள். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை இந்த வருகை நிற்கவில்லை. சிலாங்கூர்க் கடலோரச் சதுப்பு நிலம் தென்னைக்கு ஏற்றது. ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்திலேயே கள்ளுக்கென்று தென்னைகள் நின்றன.

விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கு, பிறகு பால்மரம் வெட்டு, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பினால் மிச்சமுள்ள பொழுதில் போவதற்கு வேறு இடமில்லை. கடையைத் தோட்ட நிர்வாகமே உரிமம் பெற்று நடத்தியது. துரையிடம் வாங்கிய கூலியில் ஒரு பகுதி துரையின் கடைக்கே திரும்பிப் போயிற்று. லாபத்தில் ஒரு பங்கைத் தொழிலாளர் நலனுக்கென்று ஒதுக்கினார்கள். கோயிலுக்கும் விளையாட்டுக்கும் பணம் வந்தது. ஆனால் தொழிலாளியைக் குடிக்கவைத்து, அவன் காசிலேயே அவனுக்கு நலம் செய்ததாகக் கணக்கெழுதிய ஏற்பாடு அது. கள் உடம்புக்குக் குளிர்ச்சி, அதில் வைட்டமின் உண்டு, வடித்த சாராயத்தைவிடக் கேடு குறைவு என்ற வாதங்கள் நிர்வாகத்தின் தரப்பில் அடுக்கப்பட்டன. அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. அதற்காக அந்த ஏற்பாடு நியாயமாகிவிடாது. மாதச் சம்பளத்தில் பாதி கடையில் கரைந்த வீட்டில் அந்த வைட்டமின் பிள்ளைகளின் தட்டுக்கு வந்து சேரவில்லை.

நகரத்திலும் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இருந்தன. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பகுதிகளில் குடியிருந்த ரயில்வே தொழிலாளர்களும் பொதுப்பணித் துறை, நகராண்மைக் கூலிகளும் வேலைவிட்டு அங்கே கூடினார்கள்.

எதிர்ப்பு

மது எதிர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து வந்தது. 1921இல் மதுவிலக்குப் பிரச்சாரத்தின்போது சேலம் தாத்தம்பட்டியில் தமக்குச் சொந்தமான ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்த பெரியார், 1929 டிசம்பரில் மலாயா வந்தார். சீர்திருத்தச் சங்கங்களும் தமிழ் ஏடுகளும் குடியை ஒழிப்பதைத் தன்மானத்தின் முதல் படியாக முன்வைத்தன.

அதன் உச்சம் 1941இல் கிள்ளானில் நிகழ்ந்தது. ஆர்.எச்.நாதன் முதலியோர் வழிநடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அந்த ஆண்டு மார்ச் முதல் தோட்டந்தோட்டமாக வேலைநிறுத்தத்தைக் கொண்டுசென்றது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல் ஆகியவற்றோடு இன்னும் இரண்டு கோரிக்கைகள் பட்டியலில் இருந்தன. ஒன்று, கள்ளுக்கடைகளை மூட வேண்டும். இன்னொன்று, துரையோ தோட்டத்து எழுத்தரான கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். இவ்விரண்டும் அருகருகே வந்தது தற்செயல் அல்ல. கள்ளுக்கடையைத் தொழிலாளர்கள் உடல்நலக் கேடாக மட்டும் பார்க்கவில்லை. தங்களைத் தலைநிமிர விடாத ஏற்பாட்டின் ஓர் அங்கமாக அதைக் கண்டார்கள். மே மாதம் நாதன் கைதானதும் போராட்டம் கொந்தளித்தது; நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் வந்தது; தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்; நாதன் நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பின் 1947இல் கெடாவின் பீடோங் பகுதியில் தொண்டர் படை என்னும் தோட்டத் தொழிலாளர் அமைப்பு கள்ளுக்கடை மறியலில் இறங்கியபோதும் போலீஸ் நடவடிக்கை உயிர்ப்பலியில் முடிந்தது.

செம்பனையும் சம்சுவும்

கள்ளுக்கடைகளின் வீழ்ச்சிக்குப் போராட்டத்தைவிட நிலத்தில் நேர்ந்த மாற்றமே பெரிய காரணம். 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோகோனியே நாட்டிலேயே முதன்முறையாக வணிக நோக்கில் செம்பனை நட்டார். கோன்யாக் பிராந்திக்குப் பேர்போன ஷாராந்த் வட்டாரத்தில் பிறந்த பிரெஞ்சுக்காரர் இவர். மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து எழுதிய ‘மலேசி’ நாவலுக்கு 1930இல் கோன்கூர் பரிசு பெற்றார். 1960களுக்குப் பின் செம்பனை ரப்பரையும் கடலோரத் தென்னையையும் விழுங்கிற்று. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின, லயங்கள் காலியாயின, தொழிலாளர் குடும்பங்கள் புறம்போக்கு நிலங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன.

கள் விட்ட இடத்தைச் சம்சு பிடித்தது. சிறு புட்டியில் மலிவாகக் கிடைத்த வடித்த சாராயம் அது, கள்ளைவிடப் பல மடங்கு வீரியம் கொண்டது, கெட்டுப்போகாது, மளிகைக் கடை அலமாரிகளிலும் நின்றது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக அதை எதிர்த்துக் குரல் கொடுத்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மது குடித்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். கள்ளுக்கடையை மூடக் கோரியவர்களின் கோபம் நேர்மையானது. ஆனால் கடை போன பின்னும் வறுமை போகவில்லை. அந்த வெற்றிடத்தில் அதைவிடக் கொடிய சரக்கு வந்து உட்கார்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் கள் இறக்கவும் விற்கவும் 1987 ஜனவரி முதல் தடை உள்ளது. மலேசியாவில் அப்படியொரு முழுத் தடை இல்லை. 1976ஆம் ஆண்டின் கலால் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று விற்கலாம். மது வாங்குவோரின் குறைந்தபட்ச வயது 2017 டிசம்பரில் 18இலிருந்து 21ஆக உயர்ந்தது. அது கள்ளுக்கும் பொருந்தும். உரிமத்தைவிடக் கடினமானது மரமேறும் ஆளைத் தேடுவதுதான். தோட்டப்புறத்தில் வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகள் அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் இருக்கிறார்கள். நாளுக்கு இரண்டுமுறை மரமேறும் தொழிலுக்கு அவர்கள் திரும்புவதற்குக் காரணம் ஏதுமில்லை.

சமையலில் கள்ளின் பங்கும் சுருங்கிவிட்டது. அப்ப மாவைப் புளிக்கவைக்கக் கள் ஊற்றுவது கேரளத்திலும் இலங்கையிலும் பழைய வழக்கம். அங்கிருந்து மலாயா வந்த குடும்பங்களின் வீடுகளில் இப்போது அந்த வேலையைப் பொட்டலத்தில் வரும் உலர் ஈஸ்ட் செய்கிறது. புளித்து மிஞ்சிய கள்ளிலிருந்து எடுக்கும் காடி மட்டும் ஊறுகாய்க்கும் இறைச்சிக் குழம்புக்கும் இன்னும் மதிப்போடு பயன்படுகிறது. மாதக்கணக்கில் வைத்தாலும் அது கெடுவதில்லை.