அரசியல் நோக்கிலான சொத்துச் சேதமும் தண்டனைச் சட்டங்களும்: பெரம்பலூர், அரியலூர்

மறியல், ஊர்வலம், தேர்தல் மோதல் போன்றவற்றின்போது பேருந்தை உடைப்பது, வீட்டை நொறுக்குவது, தண்டவாளத்தைத் தகர்ப்பது ஆகிய செயல்களுக்கு விதிக்கப்படும் தண்டனைகளின் வரலாறு இது. பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அதிலிருந்து உருவான அரியலூர், 2007 முதல் நிலையான தனி மாவட்டமாக உள்ளது.

தொடக்கம்

1862-இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம், சேதம் விளைவிப்பதற்கு மூன்று மாதம் வரையும், சேத மதிப்பு ஐம்பது ரூபாயைத் தொட்டால் இரண்டு ஆண்டு வரையும் சிறை விதித்தது. வீட்டுக்குத் தீ வைத்தால் ஆயுள் தண்டனை வரை விதித்தது. செயலின் அரசியல் நோக்கத்தை அது தனியே கணக்கில் கொள்ளவில்லை. பொதுச் சொத்துக்கென நாடாளுமன்றம் 1984-இல் தனிச் சட்டம் இயற்றியது. தீயோ வெடிபொருளோ கொண்டு பொதுச் சொத்தை அழித்தால் ஓராண்டு முதல் பத்தாண்டு வரை கடுங்காவல் என்றது அது.

மருதையாற்றுப் பாலம், 1987

1987 மார்ச் 15 அன்று அரியலூர் அருகே மருதையாற்று ரயில் பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மலைக்கோட்டை விரைவு ரயில் கவிழ்ந்து 25 பேர் இறந்தனர். தமிழரசன் தலைமையிலான தமிழ்நாடு விடுதலைப்படை மீது குற்றம் சுமத்தப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று பொன்பரப்பியில் வங்கிக் கொள்ளை முயற்சியின்போது கூட்டத்தினரால் தமிழரசன் அடித்துக் கொல்லப்பட்டதால், அவர் நீதிமன்ற விசாரணையைச் சந்திக்கவே இல்லை.

மாநிலச் சட்டம்

தமிழ்நாடு அரசு 1992-இல் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1994 திருத்தம் அதைத் தனியார் சொத்துக்கும் விரித்தது. நூறு ரூபாய்க்குக் குறையாத சேதத்துக்கு ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. தீ அல்லது வெடிபொருள் என்றால் இரண்டு முதல் பத்தாண்டு வரை. அரசியல் கட்சி நடத்தும் ஊர்வலத்திலோ போராட்டத்திலோ சேதம் நேர்ந்தால் அந்தக் கட்சியிடமே இழப்பீடு கோரலாம் என்பது இச்சட்டத்தின் தனித்தன்மை. மரக்காணத்தில் 2013-இல் நடந்த வன்முறைக்குப் பின் பாட்டாளி மக்கள் கட்சிக்கு இதன்படி நோட்டீஸ் அனுப்பப்பட்டது. கட்சி நீதிமன்றத்தை நாடியதால் அது நீண்ட வழக்கானது.

2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நீதிபதி கே.டி. தாமஸ், வழக்கறிஞர் ஃபாலி நாரிமன் ஆகியோர் தலைமையிலான குழுக்களின் பரிந்துரைகளை ஏற்று, இழப்பீட்டு வழிகாட்டு நெறிகளை வகுத்தது.

அண்மைக் காலம்

2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல் நாளில் பொன்பரப்பியில் பட்டியலின மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. சிதம்பரம் தொகுதிக்குள் வரும் இவ்வூரில் சேதமானவை தனியார் வீடுகள். 1994 திருத்தம் இத்தகைய சேதங்களையும் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்திருந்தது.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, ஒரு லட்சம் ரூபாயும் அதற்கு மேலுமான சேதத்துக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. 2025 செப்டம்பர் 13 அன்று தமிழக வெற்றிக் கழகத் தலைவர் விஜய் திருச்சியிலும் அரியலூரிலும் பேசினார். பெரம்பலூர் நிகழ்ச்சி ரத்தானது. சில நாட்களில், பிரசார அனுமதி தொடர்பான அக்கட்சியின் மனுவை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், சேதத்தை ஈடுகட்டக் கட்சிகளிடம் முன்கூட்டியே வைப்புத்தொகை பெற விதிமுறை வகுக்கலாம் என்று அரசுக்குக் கூறியது.

தண்டனை ஆண்டுகள் கூடியதைவிட, பொறுப்பு தனிமனிதரிடமிருந்து கூட்டத்தைக் கூட்டிய கட்சிக்கும் நீண்டதே இவ்வரலாற்றின் முதன்மையான மாற்றம்.