நான்கு திருடர்கள் (சீட்டு வித்தை)

கதை சொல்லிச் செய்யும் சீட்டு வித்தைகளில் பரவலாக அறியப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. நான்கு ஜாக்கிகள் திருடர்கள்; சீட்டுக்கட்டு அவர்கள் புகும் மாளிகை. வித்தைக்காரர் ஜாக்கிகளை விசிறிபோல் விரித்துக் காட்டி, ஒன்றாகச் சேர்த்துக் கட்டின்மேல் கவிழ்த்து வைப்பார். மேலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்து ஒருவனைக் கீழ்த்தளத்திலும், ஒருவனைக் கூடத்திலும், ஒருவனை மேலறையிலும் செருகுவார். நான்காமவன் மொட்டைமாடியில் காவல். போலீஸ் வருகிறது, அவன் குரல் கொடுக்கிறான், மேல் சீட்டுகளைத் திருப்பினால் நால்வரும் அங்கே!

விசிறியில் கடைசி ஜாக்கிக்குப் பின்னால் வேறு மூன்று சீட்டுகள் ஒளிந்திருக்கும். உள்ளே போனவை அவையே. காவல்காரன் மட்டும் உண்மையான ஜாக்கி என்பதால் அவனைத் தயங்காமல் திருப்பிக் காட்டலாம். சந்தேகத்தை அந்த ஒரு பார்வையே தீர்த்துவிடும்.

புது வித்தை புனைவோர் இதில் கற்க வேண்டியது, சீட்டின் ஒவ்வோர் அசைவுக்கும் கதைக்குள்ளேயே காரணம் இருப்பது. திருடன் தப்பியோட மாடிக்குத்தானே வருவான்! கதையின் வலிமைக்கு இன்னொரு சான்று, அர்ஜென்டினாவின் சீட்டு வித்தைக்காரர் ரெனே லாவாண்ட் (1928–2015). அவர் சிறுவயதில் வலக்கையை இழந்தவர். இடக்கையால் சீட்டுகளை மெதுவாக நகர்த்தியபடி, கதையாலும் இடைவிட்ட மௌனத்தாலும் அவையைக் கட்டிப்போட்டார்.