மாணவன் என்றொரு கூலி: லெ க்ரூஸோவில் சீன இளைஞர்கள்

ஓர் ஆள்சேர்ப்பு அட்டையிலிருந்து தொடங்கலாம். பிரான்சின் கிழக்குப் பகுதியில் லெ க்ரூஸோ என்று ஒரு ஊர். ஊர் என்பதைவிட ஷ்னைடர் கம்பெனியின் வளாகம் என்று சொல்லிவிட்டால் சரியாக இருக்கும். 1836இல் ஷ்னைடர் சகோதரர்கள் வாங்கிய இரும்பாலையைச் சுற்றித்தான் அந்த ஊரே வளர்ந்தது. பள்ளிக்கூடம் கம்பெனியுடையது, ஆஸ்பத்திரி கம்பெனியுடையது, தொழிலாளியின் வீடும் கம்பெனியுடையது. மேயர் நாற்காலியிலும் ஷ்னைடர் குடும்பத்து ஆட்களே உட்கார்ந்திருந்தார்கள். 1876இல் அங்கே நிறுவிய 100 டன் நீராவிச் சம்மட்டியை இப்போது ஊர் முகப்பில் நினைவுச் சின்னமாக நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

1921 ஏப்ரல் 2 அன்று இந்த ஆலையின் ரோலிங் மில் பகுதியில் 16 வயதுப் பையன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான். அட்டையில் பெயர் தெங் ஹி ஹியன். எண் 07396. பழுக்கக் காய்ந்த இரும்புப் பாளங்களை நீண்ட இடுக்கியால் பிடித்து இழுக்கிற வேலை. வயது 18க்குக் கீழ் என்பதால் முழுக்கூலி கிடையாது, அப்ரண்டிஸ் கூலிதான். ஏப்ரல் 23 அன்று பையன் வேலையை விட்டுவிட்டான். மொத்தம் மூன்று வாரம். இந்தப் பையன் 1927இல் தன் பெயரை டெங் சியாவ்பிங் என்று மாற்றிக்கொண்டான் என்பதால்தான் இந்த அட்டையைப் பற்றி இவ்வளவு பேச்சு.

டெங் பற்றி எழுத எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. பின்னாளில் அவர் என்னவாக ஆனார், 1989 ஜூனில் பெய்ஜிங்கில் மாணவர்களை என்ன செய்தார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். என்னை உறுத்துவது அந்த அட்டையில் இருக்கிற 'அப்ரண்டிஸ்' என்ற வகைப்பாடுதான். அந்நிய நாட்டுக்குப் பெரிய தொழிற்சாலையில் வேலை கற்றுக்கொள்ளப் போகும் மாணவன் யார்? அவனை எந்தக் கணக்கில் எழுதுவது? இந்தக் கேள்விக்கு 1919 முதல் 1921 வரை பிரான்சில் இருந்த சுமார் 1,600 சீன மாணவர்கள் தங்கள் உடம்பால் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

திட்டத்தின் பெயர் 'உழைத்து, சிக்கனமாய்ப் படித்தல்'. இதன் பின்னால் இருந்தவர்கள் வியாபாரிகள் இல்லை, அனார்க்கிஸ்டுகள். லி ஷிசெங், வூ ஜிஹுய் இருவரும் 1907 முதலே பாரிசில் பத்திரிகை நடத்தி குரோபோட்கினைச் சீனத்தில் பரப்பியவர்கள். லி, மோன்தார்ஜி ஊர் விவசாயக் கல்லூரியில் படித்தவர். பாரிசை ஒட்டிய லா கரென்-கொலோம்பில் ஒரு சோயா ஆலை ஆரம்பித்து, சொந்த மாவட்டத்திலிருந்து ஆட்களை வரவழைத்து, பகலில் வேலையும் இரவில் பாடமுமாக நடத்திப் பார்த்தார். அங்கே முளைத்தது இந்த யோசனை. 1912இல் ஒரு சங்கம், 1915இல் இன்னொன்று, 1916இல் சாய் யுவான்பெயையும் சேர்த்துக்கொண்டு சீன-பிரெஞ்சுக் கல்விச் சங்கம். பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் தலைவரான சாய், 1918 நவம்பரில் 'உழைப்பு புனிதமானது' என்று முழங்கியபோது, கையில் அழுக்குப் படாமல் இருப்பதையே படிப்பின் அடையாளமாக வைத்திருந்த ஒரு சமூகம் அதிர்ந்துதான் போயிருக்கும். நீளமாக நகம் வளர்ப்பது அறிஞனுக்கு அழகு என்றிருந்த மரபு அது. நம்மூரில் பட்டறைப் பாடத்துக்கு ரெக்கார்டு நோட்டை மட்டும் அழகாக எழுதிக் கொடுத்துவிட்டு இஞ்சினியர் ஆனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆக, கனவில் குறை சொல்ல முடியாது. மூளை உழைப்பு, கை உழைப்பு என்ற பிளவையே ஒழிக்கிற கனவு. அதோடு இன்னொரு கனவும் ஒட்டிக்கொண்டது: தொழிலை வளர்த்து நாட்டைக் காப்பது. பிரான்சில் இரும்பு உருக்கக் கற்றுக்கொண்டு வந்தால் சீனாவைக் கரையேற்றிவிடலாம் என்று ஸெச்சுவானிலும் ஹுனானிலும் இருந்த நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் நம்பினார்கள். பிள்ளைகள் மட்டுமா? சாய் ஹெசென் 1919 டிசம்பரில் கப்பலேறியபோது தங்கை சாய் சாங், தோழி ஸியாங் ஜிங்யு ஆகியோருடன் அவருடைய அம்மா கெ ஜியான்ஹாவும் ஏறினார். 1865இல் பிறந்தவர், மோன்தார்ஜியில் பிரெஞ்சு கற்றுக்கொண்டே, பூத்தையல் போட்டு விற்று வீட்டுச் செலவைப் பார்த்தார். இந்த வரலாற்றை எழுதுகிற ஆண்கள் இந்த அம்மாவை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்கிறேன்.

கனவு இடறியது பொருளாதாரத்தில். முதல் உலகப்போரில் பிரெஞ்சு ஆண்கள் பதுங்குகுழிகளில் கிடந்தபோது ஆலைக்கு ஆள் வேண்டியிருந்தது. அப்போது பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து சுமார் 1,40,000 சீனக் கூலிகளைக் கொண்டுவந்து சாலை போடவும், பிணம் புதைக்கவும், குண்டு சுமக்கவும் விட்டன. மாணவர்கள் வந்து இறங்கியதோ போர் முடிந்த பிறகு. படையிலிருந்து திரும்பிய பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் வேலையைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1920 கடைசியில் மந்தம் வந்தது. யாருக்கும் ஆள் தேவைப்படவில்லை. பிரெஞ்சும் தெரியாத, தொழிலும் தெரியாத அந்நியப் பையன்களை யார் சேர்ப்பார்கள்? லா கரென்-கொலோம்பில் சங்கக் கட்டிடத்தின் தோட்டத்தில் கூடாரம் அடித்து மாணவர்கள் படுத்துக் கிடந்தார்கள். வேலையில்லாதவர்களுக்குச் சங்கம் நாளொன்றுக்கு 5 பிராங்க் படியளந்தது. 1921 ஜனவரியில், 'உழைப்பு புனிதமானது' என்ற அதே சாய் யுவான்பெய், சங்கத்துக்கும் மாணவர்களுக்கும் இனிமேல் பணத் தொடர்பு எதுவும் இல்லை என்று அறிவித்தார். பிப்ரவரி 28 அன்று சுமார் 400 பேர் பாரிசில் இருந்த சீனத் தூதரகத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். உயிர் வாழும் உரிமை, படிக்கும் உரிமை என்பது கோஷம். போலீஸ் அடித்துக் கலைத்தது.

இந்தப் பின்னணியில்தான் அந்த ஏப்ரல் மாத அட்டையை வாசிக்க வேண்டும். பாயோ ஊர்க் கல்லூரியில் ஐந்து மாதம் படித்து, கையிலிருந்த காசு தீர்ந்துபோய் லெ க்ரூஸோவுக்கு வந்தவன் அவன். பிரான்சில் அவன் இருந்தது ஐந்து வருடத்துக்கு மேல். வகுப்பறையில் உட்கார்ந்தது ஏறக்குறைய அந்த ஐந்து மாதம்தான். 1922 பிப்ரவரியில் மோன்தார்ஜியை ஒட்டிய ஹட்சின்சன் ரப்பர் ஆலையில் சேர்ந்து மழைக்காலணி செய்தான். அந்த வருடக் கடைசியில் மறுபடியும் கல்லூரியில் சேரப் போய், பணம் பத்தாமல் திரும்பினான். 1923 மார்ச்சில் ஹட்சின்சன் அவன் அட்டையை மூடியபோது எழுதியது: வேலை செய்ய மறுத்தான், திரும்பச் சேர்க்க வேண்டாம். பிறகு 1925இல் பியாங்கூரில் ரெனோ கார் ஆலை, ஃபிட்டர் வேலை. ஃபிட்டர் என்ற அந்த வேலைதான் இத்தனை வருடத்தில் அவன் கற்றதாகச் சொல்லத்தக்க 'பொறியியல்'.

இப்போது வகைப்பாட்டுக்கு வருவோம். ஆலை வாசலில் இவர்கள் 'கற்கிறவர்கள்', எனவே கூலி குறைவு. சங்கத்து வாசலில் 'உழைக்கிறவர்கள்', எனவே உதவித்தொகை கிடையாது. மூன்றாவதாகவும் ஒரு வாசல் இருந்தது, லியோன் நகரத்தில். அங்கே செயிண்ட்-இரினே கோட்டையில் சீன-பிரெஞ்சுக் கல்வி நிறுவனம் ஒன்று 1921இல் திறக்கப்பட இருந்தது. தங்களுக்காகத்தான் அது என்று ஆலை மாணவர்கள் நம்பியிருந்தார்கள். வூ ஜிஹுயோ சீனாவிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட புது மாணவர்களைத் தேர்ந்தெடுத்துக் கப்பலில் கூட்டிக்கொண்டு வந்தார். ஏற்கனவே பிரான்சில் இருப்பவர்களுக்கு? தகுதி இல்லை. இரண்டு வருடம் இரும்பு சுமந்தவனுக்குப் பாடம் மறந்துதானே போயிருக்கும்! உழைத்ததால் படிக்கத் தகுதி போயிற்று. படிக்க வந்ததால் கூலியும் குறைந்தது.

'மாணவன்' என்ற சொல்லுக்கு இயல்பான ஒரே பொருள் இருப்பதாக நாம் நினைக்கிறோம். அப்படி ஒன்றும் இல்லை. யார் உச்சரிக்கிறார்கள், எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது மனிதனை வேறு வேறு இடத்தில் நிறுத்துகிறது. அதிகாரம் சொல்லில் எப்படிக் குடியிருக்கிறது என்று ஃபூக்கோவைப் படித்துவிட்டு நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஆலையின் நேரக்காப்பாளனுக்கு இது படிக்காமலே தெரிந்திருந்தது. இந்தியாவின் 1961ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தில் 18ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர் என்று சொல்கிறது. தொழிற்சங்கத் தோழர்கள் இந்த ஒரு வரியோடு எத்தனை தடவை மோதியிருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்ல முடியாது.

1921 செப்டம்பர் 21 அன்று நூற்றுச் சொச்சம் மாணவர்கள் லியோன் கோட்டைக்குள் புகுந்தார்கள். லெ க்ரூஸோவில் சீனத் தொழிலாளர்களையும் மாணவர்களையும் திரட்டிக்கொண்டிருந்த ஜாவ் ஷியான், லி லிசான், மோன்தார்ஜியிலிருந்து சாய் ஹெசென், பின்னாளில் சீன வெளியுறவு அமைச்சரான சென் யி எல்லோரும் அதில் இருந்தார்கள். போலீஸ் வளைத்துப் பிடித்து அடைத்தது. அக்டோபரில் 104 பேரைக் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். ஜாவ் ஷியான் மட்டும் எப்படியோ தப்பிவிட்டார். 1922 ஜூனில் பாரிசின் புவா த பூலோஞ் பூங்காவில் 18 பேர் கூடி ஐரோப்பாவில் சீன இளைஞர் கம்யூனிஸ்ட் அமைப்பை உருவாக்கியபோது அதற்கு அவர்தான் செயலாளர். சௌ என்லாயும் அதில் ஒருவர். சௌ ஆலைப் பக்கம் அதிகம் ஒதுங்கியவர் அல்லர், தியான்ஜின் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரை எழுதிப் பிழைத்தார். டெங் பத்திரிகையை உருட்டச்சில் ஓட்டிக் கொடுத்தார். அந்த வேலையை அத்தனை சுத்தமாகச் செய்ததால் தோழர்கள் 'உருட்டச்சு டாக்டர்' என்று பட்டம் கொடுத்தார்கள். பிரான்சில் அவர் வாங்கிய ஒரே டாக்டர் பட்டம்.

இங்கே ஒரு எளிய வாய்ப்பாடு காத்திருக்கிறது: ஆலை சுரண்டியது, சுரண்டல் புரட்சிக்காரனை உண்டாக்கியது. சீனக் கட்சியின் பெருங்கதையாடல் இதைத்தான் சொல்லும். டெங்கும் 1926இல் மாஸ்கோவில் எழுதிக் கொடுத்த தன்விவரத்தில் வாழ்க்கைக் கஷ்டத்தையும் மேஸ்திரிகளின் வசவையும் காரணமாகச் சொன்னார். பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே ஆலைகளில் அதே வசவைக் கேட்டுக்கொண்டு வேலை பார்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மற்ற மாணவர்கள் கட்சியில் சேரவில்லையே. போர்க்காலக் கூலிகள் இதைவிடக் கொடுமையை அனுபவித்தார்கள். அவர்கள் யாரும் நம் புத்தகங்களில் தலைவர்களாக வருவதில்லை. வெறும் கூலி இவர்களைக் கொதிக்க வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. வாக்குக் கொடுத்துக் கூட்டிவந்தவர்களே கைவிட்டார்கள் என்பதுதான் சுட்டது. ஆசிரியரிடம் ஏமாந்தவனின் கோபம் அது. முதலாளியிடம் ஏமாந்தவனின் கோபத்தைவிட இதற்கு ஆயுசு அதிகம்.

அந்த ஆசிரியர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1927 ஏப்ரலில் சியாங் கைஷேக் ஷாங்காயில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடத் தொடங்கினார். கோமிண்டாங் மேற்பார்வைக் குழுவில் அதற்கு ஆதரவு தந்து கையைத் தூக்கிய மூத்தவர்களில் வூ ஜிஹுய், லி ஷிசெங், சாய் யுவான்பெய் மூவரும் உண்டு. அனார்க்கிஸ்டுகள்! அரசே வேண்டாம் என்றவர்கள்! ஜூலையில் ஜாவ் ஷியான் கொல்லப்பட்டார். அதே மாதம் சென் யன்னியனும் கொல்லப்பட்டார். சென் துஸியூவின் மகனான அவர், வூ ஜிஹுயின் உதவியோடு பிரான்சுக்குப் போனவர். அவரைப் பிடித்ததற்காக ஷாங்காய் அதிகாரிக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினார் வூ. 1928இல் ஸியாங் ஜிங்யு, 1931இல் சாய் ஹெசென். 'உழைத்துப் படிக்க' அனுப்பப்பட்டவர்களின் பட்டியல் இப்படிப் போகிறது.

டெங் 1926 ஜனவரி 7 அன்று மாஸ்கோவுக்கு ரயிலேறினார். மறுநாள் போலீஸ் பியாங்கூரில் அவர் அறையைச் சோதனை போட்டபோது ஆள் இல்லை. 1974இல் ஐ.நா. போய்த் திரும்பும் வழியில் பாரிசில் இறங்கி க்ருவாஸோன் ரொட்டி வாங்கி, பெய்ஜிங்குக்குக் கொண்டுபோய்ப் பழைய தோழர்களுக்குக் கொடுத்தார் என்பதை எல்லோரும் ரசித்துச் சொல்கிறார்கள். 2014இல் மோன்தார்ஜி ரயில் நிலையத்துக்கு முன்னால் இருக்கிற சதுக்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். திரும்பச் சேர்க்க வேண்டாம் என்று எழுதிய ஆலையும் அங்கே பக்கத்தில்தான் இருக்கிறது.

அங்கிருந்து வடக்கே, சோம் ஆறு கடலில் சேருகிற இடத்துக்கு அருகில் நொயெல் என்ற ஊரில் சீனக் கூலிகளின் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. சுமார் 840 கல்லறைகள். கல்லில் சீன எழுத்தில் பெயர், இறந்த தேதி, அதோடு ஓர் எண். வேலைக்கு எடுத்த அன்று பிரிட்டிஷார் கையில் மாட்டிவிட்ட பித்தளைக் காப்பில் இருந்த எண்தான் அது.