விளாவிய வெந்நீர்

பீர் காய்ச்சுகிறவர்களிடம் வெப்பமானி வந்து சேர்ந்தது ரொம்பத் தாமதமாகத்தான். லண்டனில் மைக்கேல் கோம்ப்ரூன் அதை வலியுறுத்திய தன் பெரிய புத்தகத்தை வெளியிட்டது 1762இல். அதற்கு முன்பு இங்கிலாந்தில் கொதித்த நீரை ஆறவிட்டு, ஆவி விலகி முகம் தெரிகிற நேரம் பார்த்து மால்ட்டைக் கொட்டுவார்கள். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்தி உடைத்த பார்லி. அதிலிருக்கும் நொதிகள் வெந்நீரில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். இதுதான் மாஷிங். 62-65 டிகிரியில் ஒரு நொதி சுறுசுறுப்பாகும். சர்க்கரை அதிகம், பீர் மெலிசாக, போதை கூடி வரும். 70ஐ ஒட்டி இன்னொரு நொதியின் கை ஓங்கும். பீர் கனமாக இருக்கும். ஐந்தாறு டிகிரியில் சரக்கே வேறு.

பவேரியர்களும் பொஹீமியர்களும் வேறொரு வழி வைத்திருந்தார்கள். மாஷில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தனியாகக் கொதிக்கவைத்துத் திரும்ப ஊற்றுவது. நாம் குளிக்க வெந்நீர் விளாவுகிறோமே, அதேதான். 50 டிகிரியில் இரண்டு பங்கு, 100இல் ஒரு பங்கு: கணக்குப்படி 67க்குக் கொஞ்சம் குறைவு. வெப்பமானியே வேண்டாம், கொதிநிலைதான் அளவுகோல். கொதித்த பங்கில் நொதி செத்துப்போகும், மிச்சத்தில் பிழைத்திருக்கும். ஒரு பொறியாளனாக எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு.

ஆனால் அந்த அளவுகோல் மலையேறினால் சுருங்கிவிடும். ஊட்டியில், 2,200 மீட்டருக்கு மேலே, தண்ணீர் சுமார் 92-93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதே விளாவல் அங்கே 64இல் நிற்கும். கும்மிடிப்பூண்டியில் கனமாக வருவது ஊட்டியில் மெலிசாகும். சமன்செய்ய, கொதிக்கவைக்கும் பங்கைக் கூட்ட வேண்டும்.

வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் பீர் காய்ச்சப் போனது குளிருக்காக. புளிக்கும்போது சூடு ஆகாது. 1857இல் தொடங்கிய காசில் ப்ரூவரி உட்பட ஐந்து ஆலைகளைச் சேர்த்துத்தான் தாமஸ் லீஷ்மன் 1915இல் யுனைடெட் ப்ரூவரீஸை உருவாக்கினார். குளிரூட்டும் இயந்திரம் வந்தபின் மலை எதற்கு? இன்று அந்த நிறுவனத்துக்குத் திருவள்ளூர் மாவட்டத்து அரண்வாயலில் ஆலை இருக்கிறது.

ஆலைக்கு உரிமம் உண்டு, அடுப்படிக்குக் கிடையாது. பிரிட்டன் 1963இல் வீட்டுக் காய்ச்சலுக்கான உரிமத்தையே எடுத்துவிட்டது. அமெரிக்கா 1978இல் அனுமதித்தது. இங்கே 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம்தான் இன்னமும். தயாரிப்பது மட்டுமல்ல, தயாரிக்கும் நோக்கத்தோடு பாத்திரம் பண்டம் வைத்திருந்தாலும் குற்றம். பொதுவாக எனக்கு இந்தச் சட்டத்தோடு பெரிய சண்டை இல்லை, சாராய ஊறலில் என்னென்ன கலக்கிறார்கள் என்று பேப்பரில் படிக்கிறோம். ஆனால் இதனால் மாஷிங் என்பதே மது ஆலையின் ரகசியம் மாதிரி ஆகிவிட்டது. அதுதான் உறுத்துகிறது.

ஏனென்றால் முளைகட்டிய கேழ்வரகிலும் அதே நொதி இருக்கிறது. பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் குழுவினர் 1980களில் அதைக் குழந்தை உணவுக்குத் திருப்பினார்கள். குழந்தையின் வயிறு சின்னது. நீர்த்த கஞ்சியில் சத்து போதாது, கெட்டிக் கஞ்சி தொண்டையில் இறங்காது. கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, கொதி அடங்கியதும் முளைகட்டிய தானிய மாவு கொஞ்சம் கலந்தால் சில நிமிஷத்தில் கஞ்சி தளர்ந்துவிடும், மாவு குறையாமலே. கொதிக்கக் கொதிக்கப் போட்டால் பலிக்காது. தளர்ந்த பிறகு, முளைகட்டும்போது சேர்ந்த கிருமி சாக, மறுபடி ஒரு கொதி விட்டு இறக்கணும்.